தேடல் இரண்டாவது வேலை

இசைத்தட்டுப் பட்டியல் தளங்கள் முதலில் தேடலைச் சீர்செய்ய வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உள்ளே போடும் விவரம் ஒழுங்காக இருந்தால்தானே தேடினால் கிடைக்கும்! 2000-ல் எலக்ட்ரானிக் இசைக்கு மட்டும் தொடங்கிய டிஸ்காக்ஸ் என்ற பட்டியல் தளத்தைப் பாருங்கள். விவரம் சேர்ப்பது பயனர்கள்தான். ஒரே ஆல்பத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம். எது எந்தப் பதிப்பு என்று பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது, தட்டின் நடுவிலுள்ள லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண். என்னிடம் உள்ள தட்டுகளில் இளையராஜா பெயரே உறைக்கு உறை வேறு ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. உறையில் உள்ளபடியே எழுதி, ஒரே கலைஞர் பக்கத்தோடு இணைக்க அங்கே வழி உண்டு. அப்புறம், தரவுத்தளத்தையே மாதந்தோறும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். நான் முன்பு நம்பியிருந்த ஒரு சின்னப் பட்டியல் செயலியில், பட்டியலை வெளியே எடுத்துவைக்க ஏற்றுமதிப் பொத்தானே கிடையாது. அந்தச் செயலியையே நிறுத்திவிட்டபோது என் 300 தட்டுகளின் பட்டியலும் கூடவே போய்விட்டது.