ஆமா, தேங்க்ஸ்கிவிங்குக்குச் சுண்டல்தான் கொண்டு போனேன்

நவம்பர் கடைசியில இங்க அமெரிக்காவுல வர்ற தேங்க்ஸ்கிவிங் விருந்துல, என் சுண்டல் கிண்ணத்தை ஒருத்தங்க எடுத்துப் போட்ட போட்டோவையும் அதுக்குக் கீழ இருந்த வரியையும் உங்கள்ல பாதிப் பேர் பாத்திருப்பீங்க. பாக்காதவங்களுக்கு இந்நேரம் யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருப்பாங்க, நம்ம ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா. "தேங்க்ஸ்கிவிங்குக்கும் சுண்டலா? நவராத்திரி போன மாசமே முடிஞ்சிடுச்சே"ன்னு எழுதி, வரிசையா சிரிப்பு எமோஜி. கிண்ணம் என்னோடது, கரண்டியும் என்னோடது. யார் போட்டாங்கன்னு சொல்லப் போறதில்ல. சாப்பிட உக்கார்ற நேரத்துல அந்தக் கிண்ணம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் அவங்க இன்னொரு போட்டோ எடுத்திருக்கலாம். அடி தெரிஞ்சிருக்கும்.

எனக்குக் கோவம்லாம் இல்ல. ஒரே ஒரு விஷயம் சொல்லணும். அடுத்தவங்க வீட்டு விருந்துக்கு நாம கொண்டு போற ஸ்டார்ட்டர், அந்த வீட்டு அடுப்பைக் கேக்கக் கூடாது. ஓவனையும் கேக்கக் கூடாது. கொண்டு போனோமா, மூடியைத் திறந்தோமா, கரண்டியைப் போட்டோமான்னு இருக்கணும். அவ்வளவுதான்.

அன்னிக்கு அந்த வீட்டு ஓவன் என்ன பாடு படும்னு விருந்து வச்சவங்களைக் கேளுங்க. 15 பவுண்டு டர்க்கி, அதான் வான்கோழின்னா 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுல ஏறக்குறைய நாலு மணி நேரம். உள்ளுக்குள்ள 165 டிகிரி வராம வெளிய எடுக்க முடியாது. எடுத்ததும் ஓவனுக்கு ஓய்வா? ரொட்டித் துண்டுல செய்யற ஸ்டஃபிங், கிரீன் பீன்ஸ் கேசரோல், மார்ஷ்மெல்லோ போட்ட சக்கரைவள்ளி, டின்னர் ரோல்னு எல்லாம் வரிசை கட்டி நிக்குது. இங்க பெரும்பாலான வீடுகள்ல இருக்கிறது ஒரே ஒரு ஓவன். அந்த நேரம் பாத்து ஒருத்தர் பிரைங்கிற மெத்து சீஸை மாவுல சுத்திக் கொண்டு வந்து, "இதை மட்டும் ஒரு இருபது நிமிஷம் உள்ள வச்சிடலாமா?"ம்பாங்க. சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. வீட்டுக்காரி இல்லைன்னா சொல்லுவா?

போன வருஷம் எங்க வீட்டுல விருந்து. ஒரு குடும்பம் சமோசா கொண்டு வந்தாங்க. கையால மடிச்சது, பாக்கவே அழகு, அதையெல்லாம் நான் குறை சொல்லல. ஆனா பொரிக்காத சமோசா! "சூடா சாப்பிட்டாத்தானே நல்லா இருக்கும், அஞ்சு நிமிஷ வேலைதான்"னு சொல்லி என் கையில குடுத்துட்டு ஹாலுக்குப் போய் உக்காந்துட்டாங்க. பட்டுப்புடவையில எண்ணெய்ச் சட்டி முன்னாடி நான். சமோசாவை அவசரப்படுத்த முடியாது. எண்ணெய் அதிகமாக் காய்ஞ்சா மேல கறுத்து உள்ள மாவா இருக்கும், மெதுவாத்தான் வேகணும். வெந்து வர வர ஹால்ல தட்டு காலியாகுது, இன்னொரு ஈடு போடுன்னு குரல் வருது. அன்னிக்கு எடுத்த குரூப் போட்டோவுல நான் இல்ல. "சமோசா சூப்பர்"னு எல்லாரும் அவங்களைப் பாராட்டினாங்க. போட்டும்.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி இருக்காங்க. டெக்ஸஸ்லயே பொறந்து வளந்தவங்க. எங்க போனாலும் டெவில்ட் எக்தான் கொண்டு போவாங்க. வேகவச்ச முட்டையை ரெண்டா வெட்டி, மஞ்சக்கருவை மயோனைஸ், கடுகு பேஸ்ட் போட்டுப் பிசைஞ்சு திரும்ப நிரப்பி, மேல பாப்ரிக்கா தூவல். முட்டை உக்காரக் குழி குழியா ஒரு தட்டு, அவங்க அம்மாவோடதாம். இன்னும் சோம்பலா இருந்தா ஒரு கட்டி கிரீம் சீஸைத் தட்டுல வச்சு, மேல மிளகாய் ஜெல்லியை ஊத்தி, சுத்தி க்ராக்கரை அடுக்கிடுவாங்க. அரை நிமிஷம்! யாரும் அவங்களைக் கிண்டல் பண்ணி நான் பாத்ததில்ல. ஏன்னா அது "க்ளாசிக்". சுண்டல்னா மட்டும் இளக்காரம். நம்ம ஆளுங்களுக்கு வெள்ளைக்காரங்க சோம்பேறித்தனம்னா பாரம்பரியம், நம்ம சோம்பேறித்தனம்னா சோம்பேறித்தனம்.

அதுவும் சுண்டல் சோம்பேறித்தனமே இல்ல. ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறப் போடணும். குழையாம, அதே சமயம் கடிபடாம வேகணும். கடுகு, காய்ஞ்ச மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, தேங்காயைக் கிளம்புறப்பதான் தூவணும், முன்னாடியே போட்டா சளிச்சுப் போயிடும். பொடிசா நறுக்கின மாங்காய். அங்க ஒருத்தருக்குக் கோதுமை ஆகாதுன்னு தெரிஞ்சதால பெருங்காயத்தையும் விட்டுட்டேன். கடையில வாங்கற பெருங்காயப் பொடியில பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், லேபிளைப் படிங்க. இவ்வளவும் யோசிச்சுக் கொண்டு போனவளைத்தான் "மெனக்கெடல"ன்னு கமெண்ட்ல ஒருத்தர் எழுதியிருக்கார். எழுதினவர் கொண்டு வந்தது ஒரு பை சிப்ஸ். பையைக்கூட வேற யாரோதான் பிரிச்சாங்க.

"அப்போ யாரும் சூடா எதுவும் கொண்டு வரவே கூடாதா?"ன்னு கேப்பீங்க. வாங்களேன். ஸ்லோ குக்கர்ல கொண்டு வாங்க, ஒரு ப்ளக் பாயிண்ட் போதும். இல்ல, வீட்டுலயே பொரிச்சு எடுத்துட்டு வாங்க, ஆறின மசால் வடையை வேண்டாம்னு சொன்ன தமிழனை நான் இன்னும் பாக்கல. பஜ்ஜி மட்டும் வேண்டாம், டப்பாவுல அடைச்சா வேர்த்து நமத்துடும்.

"கடையில ஹம்மஸும் கேரட்டும் வாங்கிட்டுப் போறது மரியாதையா?" மரியாதைதான். மேல பேச ஒண்ணுமில்ல.

"வெளிய வச்ச சாப்பாடு கெட்டுப் போகாதா?" ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதேன்னு யூஎஸ்டிஏ, அதான் அமெரிக்க விவசாயத் துறை, சொல்றது பாட்டி முட்டைக்கும் பொருந்தும், என் சுண்டலுக்கும் பொருந்தும். என் சுண்டல் அவ்வளவு நேரம் மிஞ்சினதில்ல.

"என்ன இருந்தாலும் பண்டிகைன்னா கொஞ்சம் விசேஷமா இருக்க வேண்டாமா?" இதைத்தான் நிறைய பேர் கேட்டீங்க. விசேஷம்னா என்ன, பல்குத்தியில தக்காளியையும் மொசரெல்லாவையும் குத்தி வைக்கிறதா? சரி, அதுவும் நல்லாத்தான் இருக்கும், அதுவும் அடுப்பைக் கேக்காது. ஆனா விசேஷம் விசேஷம்னு சொல்றவங்க அந்த மேஜையைப் பாத்தீங்களா? சைவம் சாப்பிடறவங்க அங்க எத்தனை பேர் இருந்தாங்க! டர்க்கி அவங்களுக்கு ஆகாது. ஸ்டஃபிங்ல சிக்கன் ஸ்டாக். கிரேவி சொல்லவே வேண்டாம். சக்கரைவள்ளி மேல இருக்கிற மார்ஷ்மெல்லோவுல ஜெலட்டின். ஊர்ல இருந்து வந்திருந்த ஒரு அம்மா, முட்டைகூடத் தொடாதவங்க, மூணு மணியில இருந்து தட்டைக் கையில வச்சுக்கிட்டு எது சாப்பிடலாம்னு தெரியாம நின்னாங்க. யாரும் அவங்களைக் கவனிக்கல. என் கிண்ணத்துல இருந்துதான் ரெண்டு தடவை போட்டுக்கிட்டாங்க. "பெருங்காயம் போடலியாம்மா?"ன்னு கேட்டாங்க, அது வேற.

இன்னொண்ணும் சொல்லிடறேன், சொல்லலைன்னா தூக்கம் வராது. வியாழக்கிழமை லீவு, ஆனா புதன்கிழமை ராத்திரி வரைக்கும் எனக்கு ஆபீஸ் கால் இருந்துச்சு. கடலையை ஊறப் போட்டதே மீட்டிங்ல ம்யூட் போட்டுட்டுத்தான். அந்த வீட்டுல ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னாடியும் ஒரு பொம்பளை இப்படி நின்னிருப்பா. ஆனா கேலி பண்ணணும்னா அந்தப் பாத்திரத்தைத்தான் பண்றோம். டிவி முன்னாடி கவ்பாய்ஸ் டீமோட ஃபுட்பால் மேட்ச் பாத்துக்கிட்டு ஒரு டம்ளர்கூட நகர்த்தாம உக்காந்திருந்தவங்களைப் பத்தி யாரும் பதிவு போடல. அந்தப் போட்டோவைப் போட்டவங்களும் ஒரு பொம்பளைதான். அதுதான் எனக்கு உறுத்துது. நேத்து வரைக்கும் "அக்கா, உங்க கை பக்குவம் வராது"ன்னு சொன்ன பொண்ணு.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு யார் என்ன கொண்டு வரணும்னு லிஸ்ட் இன்னும் குரூப்ல வரல. வந்ததும் முதல் ஆளா என் பேருக்கு நேரா சுண்டல்னு எழுதிடுவேன். யாராவது சமோசான்னு எழுதினா, பக்கத்துல "பொரிச்சுக் கொண்டு வரவும்"னு சேக்கறதும் நான்தான்.