இடுப்பு வலி என்றாலே ‘டிஸ்க் நழுவிருச்சு’ என்று அர்த்தமில்லை

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளிப் பெட்டி தூக்குபவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மெசேஜ் சுற்றுகிறது: “இடுப்பு வலித்தால் டிஸ்க் நழுவிவிட்டது, ஒரு மாதம் அசையாமல் படுங்கள், பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.” இது தவறு.

கீழ் முதுகில் 5 எலும்புகள். அவற்றின் இடையில் மெத்தை போலுள்ள டிஸ்க் மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கும், கழன்று நழுவாது. பிதுங்கி நரம்பை அழுத்தலாம், அதுவும் பலருக்குத் தானாகவே அடங்கும். பெட்டியோடு குனிந்தபடியே திரும்பும்போது சுருக்கென்று பிடிப்பது பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து வலி நீளும், கூலியும் போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைச் சொல்கிறது, பெல்ட்டை அல்ல. அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். கால் மரத்து பலமிழந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ தாமதிக்காமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அந்த மெசேஜை தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.