சுருதியை இறக்கிப் பாடினால் என்ன குறை?

லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'செலிப்ரேஷன் டே' பதிவை மறுபடியும் முழுசாகப் பார்த்தேன். 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் நடந்த கச்சேரி. படமாக வெளிவந்தது 2012-இல்தான். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்குக் குரல் போய்விட்டது, பாட்டையெல்லாம் சுருதி இறக்கிப் பாடுகிறார்" என்று ஒரு கூட்டம் ஆரம்பித்துவிடும். ஆமாம், பல பாடல்களை இறக்கித்தான் பாடுகிறார். என்னைக் கேட்டால், இந்தக் கச்சேரி தேறியதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இருபது வயதில் தொட்ட உச்சத்தை 59 வயதில் எட்டிப் பிடிக்கப் பார்த்தால் மிஞ்சுவது கத்தல்தான். அவர் அதற்குப் போகவில்லை. இன்று இருக்கிற தொண்டைக்கு எந்த இடம் சரிப்படுமோ அங்கே பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகப் பாடுகிறார். 'காஷ்மீர்' பாட்டில் அந்தக் குரலுக்கு இளமையில் இல்லாத ஒரு கனம் வந்திருக்கிறது.

குழு கலைந்த பிறகு, 2007-க்கு முன்பும் இவர்கள் மறுபடி சேர்ந்து பார்த்தவர்கள்தான். ட்ரம்மர் ஜான் பானம் 1980 செப்டம்பரில் இறந்தார். அந்த டிசம்பரிலேயே குழுவைக் கலைத்துவிட்டார்கள். 1985-இல் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரியில் ஃபில் காலின்ஸ், டோனி தாம்சன் என்று இரண்டு ட்ரம்மர்களை வைத்துக்கொண்டு, ஒத்திகை என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் மேடை ஏறினார்கள். குரல் கரகரத்தது, கிடார் சுருதி சேரவில்லை. பின்னாளில் லைவ் எய்ட் டிவிடி வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்கவே அவர்கள் சம்மதிக்கவில்லை. 1988-இல், இவர்களுடைய ஆல்பங்களை வெளியிட்ட அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் 40-ஆம் ஆண்டு விழாவில் இன்னொரு முயற்சி. அதுவும் சொதப்பல்.

2007-இல் என்ன மாறியது? வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள், அவ்வளவுதான். கிடார் வாசிக்கும் ஜிம்மி பேஜுக்கு விரல் முறிந்ததால், நவம்பர் 26-இல் நடக்க வேண்டிய கச்சேரி இரண்டு வாரம் தள்ளிப்போனது. டிக்கெட்டுக்கு 2 கோடி விண்ணப்பங்கள் வந்ததாக அப்போது செய்தி. அத்தனை எதிர்பார்ப்பையும் தலையில் சுமந்துகொண்டு, முதல் ஆல்பத்தின் முதல் பாடலான 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' பாட்டைத் தொடங்குகிறார்கள். 'ஃபார் யுவர் லைஃப்' 1976 ஆல்பத்தில் வந்த பாட்டு. மேடையில் அதை வாசித்தது அன்றைக்குத்தான் முதல் முறை. பழைய பெயரை வைத்து ஒப்பேற்ற வந்தவர்கள் இந்த வம்புக்கே போயிருக்க மாட்டார்கள்.

என் கண் போனதெல்லாம் ட்ரம்ஸ் பக்கம்தான். உட்கார்ந்திருப்பது ஜேசன் பானம், ஜானின் மகன். அப்பா இறந்தபோது அவருக்கு 14 வயது. அவ்வளவு பெரிய மேடையில் மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போகாமல், அவர் பக்கத்திலேயே நெருங்கி நிற்கிறார்கள். ஒரு பகுதி முடிந்து அடுத்ததற்குத் திரும்பும்போதெல்லாம் பேஜ் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கிறார். பேஸ் கிடாரும் கீபோர்டும் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ் வழக்கம்போல அலட்டிக்கொள்ளாமல் பாட்டைத் தாங்கிப் பிடிக்கிறார். (இந்தக் குழுவில் அதிகம் பேசப்படாத மேதை அவர்தான். இதில் யாரோடும் சண்டைக்குத் தயார்.)

1973 நியூயார்க் கச்சேரியை வைத்து எடுத்த பழைய படத்தில் 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். 2007-இல் அதே பாட்டு 12 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. வயலின் வில்லால் கிடார் வாசிக்கும் வித்தை இதிலும் உண்டு, ஆனால் அளவோடு. பழையதில் பேஜ் எங்கோ தனியாகப் பறந்துகொண்டிருப்பார். இதில் அடுத்தவர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறார். நான் புதியதன் கட்சி.

உலகச் சுற்றுப்பயணம் போயிருக்க வேண்டும் என்று இன்னும் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிளான்ட் மறுத்தார். அமெரிக்கப் பாடகி ஆலிசன் கிராஸோடு அவர் செய்த ஆல்பம் அப்போதுதான் வெளிவந்திருந்தது. 2009-இல் அதற்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. அவர் போனது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. இதே 16 பாட்டை ஊர் ஊராக வாசித்திருந்தால், பேஜ் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

முழுசாகப் பார்க்க நேரமில்லாதவர்கள் 'காஷ்மீர்' மட்டுமாவது பாருங்கள், நல்ல ஹெட்போனோடு. ஜோன்ஸ் கையால் கீபோர்டும் காலால் பேஸ் பெடலும் ஒரே நேரத்தில் வாசிப்பதைக் கவனியுங்கள்.