வினிபெக்குக்கு ஒரு தண்ணி, ஷோல் லேக் சனத்துக்கு ஒரு தண்ணி

இஞ்ச கனடாவில வினிபெக் சிட்டிக்குக் குழாயில வாற தண்ணி எங்கயிருந்து வருதெண்டு தெரியுமோ? ஷோல் லேக் எண்ட ஏரியில இருந்து, 150 கிலோமீற்றருக்கும் மேல, 1919இல கட்டி முடிச்ச கால்வாயால, நிலத்தின்ர சரிவிலயே ஓடி வருது. நல்ல சுத்தமான தண்ணி.

அந்தக் கரையில காலங்காலமா இருந்த ஷோல் லேக் 40 எண்ட பூர்வகுடிச் சனத்தின்ர காணியை எடுத்துத்தான் இது கட்டினது. பக்கத்து ஆத்தால வாற பழுப்புத் தண்ணி சிட்டிக்குப் போற பக்கம் கலக்கக் கூடாதெண்டு அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, அதை அந்தச் சனம் இருக்கிற பக்கம் திருப்பி விட்டாங்கள். வெட்டின வெட்டில அவையின்ர ஊர் தீவாப் போச்சு. ரோட் இல்லை, மாரியில உறைஞ்ச ஏரிக்கு மேலாலதான் போக்குவரத்து, ஐஸ் உடைஞ்சு செத்த ஆக்களும் இருக்கினம். 1997இல கொதிக்க வைச்சுத்தான் குடிக்கோணும் எண்டு அறிவிச்சாச்சு, சுத்திகரிப்பு நிலையம் கேட்டா ரோட் இல்லாத இடத்தில செலவு கூடவாம். ரோட்டை இல்லாமப் பண்ணினது ஆர்? கடைசியில ரோட் 2019இல, நல்ல தண்ணி 2021இல. பிறந்த பிள்ளைக்குப் பால்மா கரைக்கவும் போத்தல் தண்ணி, 24 வருஷமா, ஏரிக்கரையில இருந்துகொண்டு!

எங்கட ஒன்ராறியோவிலயே வடக்கில நெஸ்கன்டாகா எண்ட பூர்வகுடி ஊருக்கு 1995 பெப்ரவரியில வந்த இதே கொதிக்க வைக்கிற அறிவிப்பு முப்பது வருஷம் தாண்டியும் எடுபடேல்லை. 2020இல கொரோனா நேரம் தாங்கியில எண்ணெய்ப் படலம் கண்டு சனத்தை பிளேனில ஏத்தி தண்டர் பேயில ஹோட்டலில வைச்சவை.

2015இல ட்ரூடோ, பிறகு பிரதமரா இருந்தவர், பூர்வகுடி ஊர்களில கனகாலமா இருக்கிற இப்பிடியான அறிவிப்பு எல்லாத்தையும் அஞ்சு வருஷத்தில முடிப்பன் எண்டார், கனக்க ஊர்களில சரிவந்தது உண்மை, ஆனா 2021 மார்ச் கெடுவும் தாண்டிப் போச்சு. காசில்லாத நாடே இது? 2000இல ஒன்ராறியோவில வாக்கர்ட்டன் டவுனில பழுதான குடிதண்ணியால ஏழு பேர் செத்தவை, ரெண்டு வருஷத்தில மாகாணம் குடிதண்ணிக்கு இறுக்கமான சட்டம் கொண்டு வந்திட்டுது. ரிசேர்வ், அதாவது பூர்வகுடிச் சனத்துக்கெண்டு ஒதுக்கின காணி, எண்டா மத்திய அரசின்ர பொறுப்பு, அங்க தண்ணி இந்தத் தரத்தில இருக்கோணும் எண்டு கட்டிப்போடுற சட்டமே இல்லை. அதுக்கெண்டு வந்த சி-61 சட்டமூலமும் 2025 ஜனவரியில நாடாளுமன்றத்தை இடைநிறுத்தினதோட செத்துப்போச்சு, திரும்ப முதல்ல இருந்து தொடங்கோணும்.

எனக்கு இதில சரியான கோவம். நாங்களும் இஞ்ச வரி கட்டிறம், வோட் போடுறம், காணி பறிபோன கதை எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. பொங்கல் விழாவுக்கு உங்கட எம்பீ வந்தா செல்ஃபி எடுக்கிறதுக்கு முன்னம், ரிசேர்வ் தண்ணிச் சட்டத்துக்கு வோட் போடுவீங்களோ எண்டு நேர கேளுங்கோ.