மீன்பிடிப்பின் வரலாறு படகில் தொடங்கவில்லை

மீன்பிடிப்பின் வரலாறு என்று யார் எழுத ஆரம்பித்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு படகும், ஈட்டியோடு ஓர் ஆணும் வந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கடல் உள்வாங்கி வற்றிய நேரத்தில் பாறையில் ஒட்டியிருந்த சிப்பியைத் தட்டிப் பெயர்த்தவர்களிடமிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் பினக்கிள் பாயின்ட் என்ற இடத்தில் உள்ள குகையில் மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் கிடைத்தன. வயது சுமார் 1,64,000 ஆண்டுகள். தொல்லியலாளர் கர்ட்டிஸ் மரீன் குழுவினர் 2007-ல் இதை வெளியிட்டார்கள். தூண்டில் முள்ளோ, இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது ஜப்பானின் ஒகினாவா தீவுக் குகையில் இருந்தது. ஏறத்தாழ 23,000 ஆண்டு. அதையும் கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துத்தான் செய்திருக்கிறார்கள்! கிழக்குத் திமோரில் 42,000 ஆண்டுகளுக்கு முன்பே சூரை மீன் தின்றிருக்கிறார்கள், சரி. அப்போதும் சிப்பிதான் ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் மூத்தது.

‘குனிந்து பொறுக்குவதற்கு என்ன பெரிய அறிவு வேண்டும்’ என்று கேட்பவர்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகமாக உள்வாங்கும். அடிப்பாறைகள் வெளியே தெரிவது அந்தச் சில நாட்களில், அதிலும் சில மணி நேரம்தான். கரையிலிருந்து தள்ளி வாழ்ந்த கூட்டம் நிலவைப் பார்த்துக் கணக்குப் போடாமல் கிளம்பியிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருக்கும். இல்லாவிட்டால் அலை அடித்துக்கொண்டு போயிருக்கும்.

இப்படிப் பொறுக்கியதற்குச் சான்று குறைவாகக் கிடைப்பதற்கும் காரணம் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்றைய கரைகளில் பெரும்பகுதி இப்போது தண்ணீருக்கு அடியில்.

மிஞ்சியதையும் நாம் ஒழுங்காகப் பார்க்கவில்லை. டென்மார்க் கரையோரச் சிப்பி மேடுகளைக் கடல் ஒதுக்கிய குவியல் என்றே நினைத்திருந்தார்கள். 1848-ல் அமைந்த மூன்று அறிஞர்கள் குழுதான் தோண்டிப் பார்த்தது. பெரும்பாலும் நன்கு வளர்ந்த சிப்பிகள், நடுநடுவே அடுப்புக்கரி, தீக்கல் கருவிகள். மனிதர்கள் தின்று போட்ட குவியல்தான் அது. குழுவில் ஒருவரான ஸ்டீன்ஸ்ட்ரப் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேட்டில் கிடைத்த பறவை எலும்புகளில் குறிப்பிட்ட பாகங்கள் மட்டுமே இருந்தன. அவர் நாய்களை அடைத்து வைத்துப் பறவைகளைத் தின்னக் கொடுத்தார். அவை மிச்சம் வைத்ததும் அதே பாகங்கள்! அங்கே சாப்பிட்டவர்களோடு அவர்களுடைய நாய்களும் இருந்தன என்பது அப்படித்தான் தெரிந்தது.

அப்புறம், பொறுக்கியவர்கள் பொறுக்குவதோடு நிற்கவில்லை. கனடாவின் மேற்குக் கரையில் பூர்வகுடிகள் கடல் வற்றும் எல்லையில் கல்வரிசை கட்டினார்கள். அதன் பின்னால் மணல் தங்கித் தரை சமமாகும், மட்டி பெருகும். இந்த மட்டித் தோட்டங்களில் சில 3,500 ஆண்டு பழையவை. வளர்ப்பு இல்லாமல் இதற்கு வேறென்ன பெயர்? ஆனால் சிப்பி வளர்ப்பின் தந்தை என்று பட்டம் வாங்கியவர் கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியச் செல்வந்தர் செர்ஜியஸ் ஒராட்டா.

இன்றும் உலகின் பல கரைகளில் கால்நடையாகப் போய்ச் சிப்பி, மட்டி பொறுக்குவது பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும்தான். மீன்வளக் கணக்கெடுப்போ படகையும் வலையையும் எண்ணிவிட்டு, இவர்கள் கூடையை எட்டிப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறது.