பூனைக்குப் போடுற மண்ணு

(அமெரிக்காவில் வட டகோட்டா மாநிலத்தின் மேற்குக் கோடி. மா டா ஹே நடைபாதையில், பென்னட் முகாம். ராத்திரி முழுக்க மழை. ஒரு சின்னக் கூடாரத்துக்குள் பிஸ்மார்க் நகரத்திலிருந்து வந்த இரண்டு பழைய கூட்டாளிகள். இருவருக்கும் வயது 58. டேலின் முட்டிக்கு மட்டும் 70 இருக்கும்.)

கேரி: டேல், எழுந்திருடா. மணி எட்டாச்சு.

டேல்: காபி போட்டியா?

கேரி: மழை விட்டுருச்சு பாரு. மலையெல்லாம் கோடு கோடா என்னமா இருக்கு!

டேல்: நான் மலையைக் கேக்கல.

கேரி: காபித்தூள் முன்னாடி இருக்கு.

டேல்: பையில முன்னாடியா?

கேரி: பாதையில முன்னாடி. போன வாரம் வண்டியில வந்து, வழியில இருக்கிற தண்ணிப் பெட்டியில கேன் வச்சுட்டுப் போனேன்ல? சுமை குறையட்டுமேன்னு காபித்தூளையும் அதுலயே வச்சுட்டேன். பேரு, தேதியெல்லாம் எழுதித்தான் வச்சிருக்கேன். பத்திரமா இருக்கும்.

டேல்: அது பத்திரமா இருக்கும். உன்னைப் பத்திதான் யோசிக்கிறேன். எவ்வளவு தூரம்?

கேரி: ஒம்பது மைல்.

டேல்: (பூட்ஸை மாட்டிக்கொண்டே) நான் போறேன். நீ பின்னாடி வா.

(வெளியே போகிறான். சதக்... சதக்... சத்தம் வரவர மெதுவாகிறது. நின்றுவிடுகிறது. பிறகு ரொம்ப நேரம் கழித்து அதே சத்தம் திரும்பி வருகிறது.)

கேரி: என்னடா, அரையடி வளந்துட்ட?

டேல்: இருபது அடி போனேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு செருப்பு கூடுது. காலைத் தூக்கினா பூமியும் கூடவே வருது. உதறினேன், பூட்ஸ் போச்சு, மண்ணு போகல. இது மண்ணா, கோந்தா?

கேரி: பென்டோனைட். கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி எரிமலைச் சாம்பல் காத்துல வந்து படிஞ்சு களிமண்ணாச்சு. தண்ணி பட்டா உறிஞ்சிக்கிட்டு ஊதிரும். பண்ணைக்காரங்க கம்போன்னு சொல்லுவாங்கல்ல, அதான். மழை பெஞ்சா நடக்கவும் முடியாது, குதிரையும் போகாது, சைக்கிள் சக்கரம் சுத்தவே சுத்தாது.

டேல்: பென்டோனைட்டு... இந்தப் பேரை எங்கேயோ படிச்சிருக்கேனே.

கேரி: உன் வீட்டுப் பூனை டப்பாவுல கொட்ட மண்ணு மூட்டை வாங்குறியே, அதுமேல.

(நீண்ட மௌனம்.)

டேல்: அப்ப ரெண்டு நாளா நான் பூனை கக்கூஸ்ல நடந்துட்டிருக்கேன்.

கேரி: அப்படிச் சொல்லாத. தேசியப் புல்வெளிடா இது.

டேல்: லீவு போட்டு வந்திருக்கேன்டா! பூங்காவுக்குப் பக்கத்துல ஒரு சின்ன நடைன்னுதானே சொன்ன?

கேரி: பூங்கா பக்கத்துலதான். பழைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பேருல இருக்கிற பூங்கா மூணு துண்டா கிடக்கு, மூணையும் இந்தப் பாதை சேர்க்குது. மொத்தம் 144 மைல்.

டேல்: 1999ல திறந்தப்ப 96 மைல்னு நீதானே சொன்ன?

கேரி: ஆமா, அப்புறம் தெற்க நீட்டினாங்க.

டேல்: யாரு கேட்டா?

கேரி: பேரைப் பாருடா, மா டா ஹே. மண்டன் பழங்குடிக்காரங்க மொழி. ரொம்ப காலமா இருக்கிற, இனியும் ரொம்ப காலம் இருக்கப்போற இடம்னு அர்த்தம்.

டேல்: நம்மளைப் பாத்துத்தான் வச்சிருக்காங்க. சரி, கம்பத்துக்குக் கம்பம் ஒரு ஆமை படம் சூடு போட்டிருக்கே, அது எதுக்கு? வேகத்துக்கா?

கேரி: லகோட்டா பழங்குடிக்காரங்களுக்கு ஆமைன்னா பொறுமை, நீண்ட ஆயுசு.

டேல்: பொறுமை முடிஞ்சிருச்சு. ஆயுசு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு.

கேரி: இதுக்கே அழறியே, ரூஸ்வெல்ட்டை நினைச்சுப் பாரு. 1884, பிப்ரவரி 14. ஒரே நாள்ல அம்மாவும் போயிட்டாங்க, பொண்டாட்டியும் போயிட்டாங்க. அந்தத் துக்கத்தோட இங்க வந்துதான் எல்க்ஹார்ன் பண்ணையைப் போட்டாரு. நாளன்னிக்கு அந்த வீட்டைப் பாக்கப்போறோம்.

டேல்: (கொஞ்சம் இளகி) பாவம்யா. வீடு பெருசா?

கேரி: வீடு இப்ப இல்ல. அஸ்திவாரக் கல்லு இருக்கு.

டேல்: எத்தனை?

கேரி: சில கல்லு.

டேல்: நாலு நாள் நடந்து, சில கல்லு. அதுக்கப்புறம்?

கேரி: லிட்டில் மிசௌரி ஆத்தைத் தாண்டணும்.

டேல்: பாலம்?

கேரி: பூட்ஸைக் கழட்டிக் கழுத்துல மாட்டிக்க வேண்டியதுதான்.

டேல்: கழட்டுறதா? இதைக் கழட்டணும்னா கடப்பாரை வேணும். அதையும் அந்தப் பெட்டியிலதான் வச்சிருப்ப.

கேரி: வெயில் அடிச்சா மத்தியானத்துக்குள்ள காஞ்சு பொரி மாதிரி ஆயிரும். அதுவரைக்கும் படுத்துக்க.

டேல்: இப்ப மணி எட்டு. மத்தியானம் பன்னெண்டு. நாலு மணி நேரம். சரி, தாங்கிக்கலாம்.

கேரி: (கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறான்.) டேல்...

டேல்: என்ன?

கேரி: கோவப்படாத. இது பிஸ்மார்க் டைம். வாட்ஃபோர்டு சிட்டி தாண்டி ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்தா மவுண்டன் டைம், ஒரு மணி நேரம் பின்னாடி. நான் மாத்த மறந்துட்டேன். இங்க இப்ப மணி ஏழுதான்.

டேல்: அதுக்கென்ன?

கேரி: அஞ்சு மணி நேரம்.