தியா செய்ததற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை

எங்கள் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண்மணி தியா இறந்து நேற்றோடு நாற்பது நாள். மெல்போர்னில் ஓக்லி பக்கம் அவர் வழக்கமாகப் போகும் தேவாலயத்தில் நினைவு வழிபாடு. முடிந்ததும் ஆளுக்கொரு சின்னக் காகிதப் பையில் கோலிவா கொடுத்தார்கள். வேகவைத்த கோதுமையில் சர்க்கரை, பாதாம், உலர்திராட்சை, மாதுளை முத்து எல்லாம் கலந்து, இறந்தவர் நினைவாகச் செய்வது. அதை வாங்கிக்கொண்டு நிற்கும்போது, அடக்கத்தன்று ஒருவர் பேசியது மறுபடி நினைவுக்கு வந்தது. "பேக்கிங்கும் தோட்டமும் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் நாற்பது நாளாக அந்த வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கிரேக்க மொழியில் தியா என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாமே. எங்கள் தெருவுக்கே அவர் தியாதான். கிரேக்க நாட்டின் தெற்கே பெலொப்பொனீஸ் பகுதியில் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1962-இல், இருபது வயதில், பிரேயஸ் துறைமுகத்தில் 'பட்ரிஸ்' கப்பல் ஏறி வந்தார். பட்ரிஸ் என்றால் தாய்நாடு. ஊரை விட்டுக் கிளம்பிய ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றி வந்த கப்பலுக்கு அந்தப் பெயர். இதைச் சொல்லும்போதெல்லாம் தியா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

வந்த இரண்டாம் வாரமே துணி ஆலையில் வேலை. பகலெல்லாம் தையல் மெஷின், ராத்திரி வீட்டு வேலை, இடையில் மூன்று பிள்ளைகள். ஆங்கிலம் படிக்க நேரம் எங்கே இருந்தது? அறுபது வருஷம் இங்கே இருந்தும் ஆங்கிலம் வரவில்லை என்று அவரைப் போன்றவர்களைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தத் தலைமுறைப் பெண்கள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இந்த ஊர் வேலைக்குப் போனது.

நாங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்றே வேலிக்கு மேலே ஒரு தட்டு வந்தது. குலுராக்கியா, முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும் பிஸ்கட். என் மாமியார் முட்டை தொடமாட்டார். "முட்டை இல்லையே?" என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். தியாவின் முகம் வாடிவிட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, காலண்டரைக் கொண்டுவந்து ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களை விரலால் வட்டமிட்டுக் காட்டினார். அவர்களுக்கு அது விரத காலம். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அந்த நாட்களில் ஆலிவ் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் விட்டு இதே பிஸ்கட்டைச் செய்வார்களாம். மறுநாளே செய்துவிட்டார். விரதம் வரக் காத்திருக்கவில்லை.

அதைச் செய்யக் கற்றுக்கொள்ள நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். எண்ணெய் ஒரு கோப்பை, சாறு ஒரு கோப்பை, பட்டை, கிராம்பு. சரி, மாவு எவ்வளவு? "ஓசோ பாரி" என்றார். எவ்வளவு வாங்குமோ அவ்வளவு. நம் வீடுகளில் சொல்வது அப்படியேதான். நான் விடாமல் கேட்க, மாவுக் கையாலேயே என் காது மடலைப் பிடித்தார். பிறகு பிசைந்த மாவைக் கிள்ளி என் கையில் வைத்தார். இரண்டும் ஒரே மென்மை. அளவு அதுதான். நோட்டை மூடிவிட்டேன்.

தோட்டத்திலும் அதே கணக்குத்தான். தக்காளி விதையைப் பழத்தோடு பிழிந்து, 'நியோஸ் கோஸ்மோஸ்' பத்திரிகைத் தாளில் ஒட்டிக் காயவைப்பார். நவம்பர் முதல் செவ்வாய், இங்கே குதிரைப் பந்தய நாள். அதற்குள் நாற்றை மண்ணில் வைத்துவிட வேண்டும். செடியைக் குச்சியோடு கட்டப் பழைய காலுறையைத்தான் கிழிப்பார், கயிறு தண்டை அறுக்குமாம். வாசலில் ஒரு தொட்டியில் வசிலிகோஸ். என் மாமியார் பார்த்ததுமே "இது திருநீற்றுப்பச்சிலை" என்றார். அதைச் சமையலில் போடாமல் வாசனைக்கும் கோயிலுக்கும்தான் தியா வைத்திருந்தார். வேலியோரம் வ்லீத்தா என்று ஒரு கீரை. பார்த்தால் நம் தண்டுக்கீரைக் குடும்பம்! இரண்டு பேரும் அதை ஆய்ந்துகொண்டு, இவர் தமிழிலும் அவர் கிரேக்கத்திலும், ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெர்மானியர் நாட்டைப் பிடித்திருந்தபோது பிறந்த குழந்தை அவர். அதற்குப் பின் உள்நாட்டுப் போர். மலையில் கீரை பறித்து வேகவைத்துத்தான் அம்மா பசியாற்றினார் என்று மகள் வழியாகச் சொன்னார். "ஃபாயே, பெதி மு" (சாப்பிடு, என் பிள்ளை) என்று வாசலில் வந்து நிற்கும் எவரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர், ஒரு காலத்தில் பசியோடு படுத்த பிள்ளை. இதைப் போய்ப் பொழுதுபோக்கு என்றால் எப்படி? மொழி தெரியாத ஊரில் அவர் பேசியதே இந்தக் கையால்தான். பிரசவமான வீட்டுக்குச் சூப், சாவு வீட்டுக்கு ரொட்டி, சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கூடை எலுமிச்சை. எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன என்று அவருக்குத் தெரிந்த அளவு ஆங்கிலம் தெரிந்த எங்களுக்குத் தெரியவில்லை.

போன கோடையில் அவர் காயவைத்த தாள் ஒன்று என்னிடம் இருந்தது. விதையைப் பிரித்தபோது கிரேக்க எழுத்துகள் சில அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன. அப்படியே புதைத்தேன். இரண்டு இலை விட்டிருக்கிறது. நவம்பர் செவ்வாய்க்கு இன்னும் மூன்று வாரம்.

நேற்று கோலிவாவை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தேன். எதைக் கொடுத்தாலும் முட்டை இருக்கிறதா என்று கேட்கிறவர், எதுவும் கேட்காமல் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகச் சாப்பிட்டார்.